கட்டுவதென்றால் இதைக் கட்டுங்கள்!

தம்பி, தங்கைகளே! தட்டான் வாலில் நூல் கட்டி விளையாடியிருக்கிறீர்களா? கையைத் தூக்குங்கள் பார்க்கலாம். சரி, நானும் தூக்கிவிடுகிறேன். ராஜபாளையத்தில் நான் பள்ளியில் படித்த காலத்தில், மழை விட்ட சாயங்காலங்களில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு அதுதான் வேலை. தட்டானைப் பிடிப்போம், வாலில் நூல் கட்டுவோம், சின்னக் கல்லைத் தூக்க வைப்போம். நூலுக்கா பஞ்சம்? பஞ்சாலை ஊர் ஆயிற்றே!

அது வாலே இல்லை என்பது பிறகுதான் தெரிந்தது. அது தட்டானின் வயிறு! சாப்பிட்டது செரிப்பது அங்கேதான். மூச்சு விடும் துளைகளும் அதன் பக்கவாட்டில் இருக்கின்றன. உங்கள் வயிற்றில் கயிற்றை இறுக்கிக் கட்டி, 'ஓடு, அந்த அம்மிக்கல்லைத் தூக்கு' என்று யாராவது சொன்னால் எப்படி இருக்கும்?

அதற்காக நூலையே தொடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். தட்டான் மேல் நூலைக் கட்டுவதற்குப் பதில், நூலாலேயே ஒரு தட்டானைக் கட்டுங்கள் என்பதுதான் என் கட்சி.

உலகம் முழுக்க இதை ஒரு கலையாகவே செய்கிறார்கள். தூண்டிலில் மண்புழுவைக் கோக்காமல், முள்ளின் மேல் நூல், இறகு, கம்பளி சுற்றிப் பொய்ப்பூச்சி கட்டி மீன் பிடிப்பார்கள். மாசிடோனியாவில் சிவப்புக் கம்பளியும் சேவல் இறகும் வைத்து இப்படி மீன் பிடித்ததைப் பற்றி, சுமார் 1800 ஆண்டுகளுக்கு முன்பே ஏலியன் என்பவர் எழுதியிருக்கிறார். நம் நீலகிரிக்கும் இந்த வித்தை வந்தது. ஆங்கிலேயர் குளிர்நாட்டு டிரவுட் மீனைக் கொண்டு வந்து, 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்தார்கள். அந்த மீனுக்காகத்தான் பொய்ப்பூச்சித் தூண்டிலும் மலையேறியது.

இப்படிக் கட்டும் பூச்சிகளில் ஒன்று, ஊசித்தட்டானின் குஞ்சு. உட்காரும்போது இறக்கைகளை முதுகின் மேல் சேர்த்து வைத்துக்கொள்ளும் ஒல்லித் தட்டான் இருக்கிறதே, அதுதான் ஊசித்தட்டான். அது பறந்து திரிவது சில வாரங்கள்தான். அதற்கு முந்தைய வாழ்க்கை தண்ணீருக்குள்! இறக்கை கிடையாது. வயிற்றின் நுனியில் இலை போல மூன்று செவுள்கள். உடம்பை இடமும் வலமும் வளைத்து நெளிந்து நீந்தும். கீழுதட்டை மடித்து முகத்துக்கு அடியில் வைத்திருக்கும். கொசுப்புழு பக்கத்தில் வந்தால் போதும், அந்த உதடு சட்டென்று நீண்டு கவ்விக்கொள்ளும். பல முறை தோலுரித்து வளர்ந்த பிறகு, கோரைத் தண்டில் ஏறி உட்காரும். முதுகுத் தோல் வெடிக்கும். உள்ளேயிருந்து தட்டான்!

இதை எப்படிக் கட்டுவது? தூண்டில் முள் வேண்டாம், விரலில் ஏறினால் லேசில் வெளியே வராது. ஈர்க்குச்சித் துண்டு ஒன்று, பச்சை நூல், கோழி இறகு, இரண்டு கறுப்புப் பாசிமணி போதும். மணிகளைத் தள்ளித் தள்ளி வைத்துக் கட்டுங்கள், ஊசித்தட்டானுக்குக் கண்கள் அப்படித்தான் விலகி இருக்கும். வயிற்றை ஒல்லியாகச் சுற்றுங்கள். ஆறு கால்களும் தலைக்குப் பின்னால் மார்பிலிருந்துதான் வர வேண்டும். நான் முதலில் கட்டியபோது வயிற்றிலும் கால் வைத்துவிட்டேன், பார்ப்பதற்குப் பூரான் மாதிரி இருந்தது!

ஏன் தெரியுமா? நான் உண்மையான குஞ்சைச் சரியாகப் பார்க்கவில்லை. பார்க்காமல் கட்ட முடியாது. பெரியவர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு ஊருணிக் கரைக்கோ கண்மாய்க் கரைக்கோ போங்கள். ஓரத்துப் பாசிக்குள் டீ வடிகட்டியை விட்டு அள்ளி, வெள்ளைத் தட்டில் தண்ணீரோடு போட்டு ஐந்து நிமிடம் பாருங்கள். பிறகு எடுத்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். செண்பகத்தோப்பு ஓடைப் பக்கம் வேண்டாம். அங்குள்ள காடு 2021 முதல் ஸ்ரீவில்லிபுத்தூர்-மேகமலை புலிகள் காப்பகம், வனத்துறையைக் கேட்காமல் அங்கே எதிலும் கை வைக்கக் கூடாது.

ஆனால், கண்மாயில் குஞ்சு கிடைக்க வேண்டுமே! என் கவலை அதுதான். சாக்கடையைத் திருப்பிவிட்டு, குப்பையைக் கொட்டி நாம் ஒரு ஊருணியைக் கறுப்பாக்கினால் என்ன நடக்கிறது? கொசுப்புழு ஒரு குழாயைத் தண்ணீருக்கு மேலே நீட்டி வெளிக்காற்றை உறிஞ்சிப் பிழைத்துக்கொள்கிறது. ஊசித்தட்டான் குஞ்சோ தண்ணீரில் கரைந்த காற்றைத்தான் நம்பியிருக்கிறது. சாக்கடைத் தண்ணீரில் அந்தக் காற்று குறைந்துவிடும். ஆக, கொசு தங்கிவிடுகிறது, கொசுவைத் தின்னும் பூச்சி போய்விடுகிறது. பிறகு புகை மருந்து வண்டி எங்கே என்று தெருவெல்லாம் சண்டை!

போன மாதம் என் அண்ணன் மகள் ஒரு குஞ்சு கட்டிக் காட்டினாள். அழகாகத்தான் இருந்தது, ஆனால் செவுள் இரண்டே இரண்டு. நான் ஒன்றும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை அவள் அப்பாவோடு கண்மாய்க்குப் போய் வந்தாள். வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "சித்தப்பா, கோழி இறகு இன்னொன்று இருக்கிறதா?" என்று கேட்டாள்.