பாட்டி வீட்டுச் சுரூபம்

பாட்டியின் முப்பதாம் நாள் திருப்பலி முடிந்து வீட்டுக்கு வந்ததும், அவர் சாமான்களைப் பிரித்துக்கொள்ளும் பேச்சு எழுந்தது. தையல் இயந்திரம் பெரியம்மாவுக்கு. பித்தளைக் குத்துவிளக்கு அத்தைக்கு. கடைசியில் அலமாரியின் மேலிருந்த புனித அன்னாள் சுரூபம் மட்டும் மிஞ்சியது. சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு சபையில் சேர்ந்துவிட்ட என் சித்தப்பா, "அத யாரும் எடுக்க வேணாம். ரோமாபுரியில இருந்த பழைய தெய்வங்களுக்குப் பேர மாத்தி வச்சதுதான் இதெல்லாம். அம்மாவுக்குத் தெரியாது. நமக்குத் தெரியுமில்ல?" என்றார். யாரும் மறுமொழி சொல்லவில்லை. நானும்தான்.

விடுதிக்குத் திரும்பியதும் இதை அறைத்தோழனிடம் சொன்னேன். அவன் தைப்பூசத்துக்குத் தவறாமல் பால்குடம் எடுப்பவன். "உங்க சித்தப்பா சொல்றது சரிதானேடா. அன்னாளும் எங்க மாரியாத்தாவும் ஒண்ணுதான், பேருதான் வேற. அதுல என்ன தப்பு?" என்று சிரித்தான். ஒருவர் வெறுத்துச் சொன்னதையே மற்றவர் அன்போடு சொல்கிறார். இருவரும் இவ்வளவு உறுதியாகச் சொல்லும் செய்தி உண்மைதானா என்று பார்க்க வேண்டும் என எனக்குத் தோன்றியது.

முதலில் ஒன்று தெரிந்தது. இக்குற்றச்சாட்டுக்கு வயது ஏறத்தாழ 1,600. பவுஸ்துஸ் என்ற மானிக்கேய சமயத் தலைவர், கத்தோலிக்கர் தங்கள் பழைய சிலைகளை வேதசாட்சிகளாக மாற்றிக்கொண்டார்கள் என்று அன்றே இடித்துரைத்தார். அதற்கு விரிவாக மறுப்பு எழுதியவர் புனித அகுஸ்தினார். வேதசாட்சிகளின் நினைவிடத்தில் கூடினாலும் பலியைக் கடவுளுக்கே செலுத்துகிறோம் என்பது அவர் வாதம்.

அந்த வாதத்தைவிட அகுஸ்தினார் தம் தாயைப் பற்றி எழுதிய ஒரு நிகழ்ச்சிதான் என்னைப் பிடித்துக்கொண்டது. அவர் தாய் மோனிக்கா வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்தவர். வேதசாட்சிகளின் கல்லறைகளுக்குக் கஞ்சியும் ரொட்டியும் திராட்சை இரசமும் கூடையில் எடுத்துச் சென்று படைப்பது அவ்வூர் வழக்கம். இத்தாலியின் மிலான் நகரிலும் அப்படியே கூடையோடு போனார். வாயிற்காவலர் தடுத்துவிட்டார். இறந்தோருக்குப் புறச்சமயத்தார் எடுக்கும் விழாவைப் போலவே இது இருக்கிறது என்று ஆயர் அம்புரோஸ் தடை விதித்திருந்தார். மோனிக்கா முணுமுணுக்காமல் கூடையோடு திரும்பினார். வேறொருவர் தடுத்திருந்தால் தாய் இவ்வளவு எளிதில் விட்டிருக்கமாட்டார், அம்புரோஸ் மீதிருந்த அன்பினால்தான் பணிந்தார் என்று மகனே எழுதுகிறார்!

இதைப் படித்தபோது, ஒவ்வோர் ஆண்டும் ஜூலை 26-ஆம் நாள் திருவிழாவுக்குப் புக்கிட் மெர்தாஜாம் போகும் என் பாட்டியின் ரோத்தான் கூடை நினைவுக்கு வந்தது. மெழுகுவர்த்தி, மல்லிகை, நீர் பிடிக்கக் காலிப் போத்தல்கள். மோனிக்காவின் கூடையில் பழைய சமயம் இருந்தது என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதில் இருந்தது எந்தப் பழைய தெய்வமும் அன்று. இறந்தவருக்குச் சோறு கொண்டுபோகும் பழக்கம் இருந்தது. அன்பு செலுத்தும் முறை ஒருவருக்குத் தாயிடமிருந்து வருகிறது. ஞானஸ்நானம் பெற்ற மறுநாள் அது மாறிவிடுவதில்லை.

திருச்சபையும் இதில் ஒரே நிலையில் இருந்ததில்லை. அம்புரோஸ் கூடையைத் தடுத்தார். இரு நூற்றாண்டு கழித்து, 601-இல், போப்பாண்டவர் முதலாம் கிரகோரி இங்கிலாந்து மன்னருக்கு எழுதிய மடலில் புறச்சமயக் கோயில்களை இடித்துவிடச் சொன்னார். சில வாரங்களில் மனம் மாறி, மெல்லித்துஸ் என்ற துறவிக்கு வேறு மடல் எழுதினார். கோயில்களை இடிக்க வேண்டாம், உள்ளிருக்கும் சிலைகளை மட்டும் அகற்றித் தீர்த்தம் தெளித்துப் பலிபீடம் வையுங்கள். மாடு பலியிட்டுப் பழகிய மக்கள் வேதசாட்சிகளின் திருநாளன்று கிளைகளால் பந்தல் போட்டு மாடறுத்து உண்டு கடவுளைப் புகழட்டும் என்றார். உயரம் ஏறுகிறவன் படிப்படியாக ஏறுகிறான், தாவி ஏறுவதில்லை என்பது அவர் சொன்ன காரணம். ஆக, இடமும் நாளும் விருந்தும் வேண்டுமென்றே தொடரப்பட்டன. சித்தப்பா சொல்வதில் பாதி சரி.

மறுபாதிக்கு, எல்லாரும் காட்டும் உதாரணம் அயர்லாந்தின் புனித பிரிஜித். அதே பெயரில் பழைய கெல்டியத் தெய்வம் ஒன்று உண்டு. புனிதையின் திருநாளான பிப்ரவரி 1, பழைய வசந்தத் தொடக்க விழா நாள். கில்டேர் நகரில் அவர் மடத்தில் கன்னியர் அணையா நெருப்பைக் காத்தனர் என்று 12-ஆம் நூற்றாண்டுக் குறிப்பும் உள்ளது. ஆனால் புனிதையின் வரலாறு 7-ஆம் நூற்றாண்டிலேயே எழுதப்பட்டுவிட்டது. தெய்வத்தைப் பற்றி நமக்குக் கிடைக்கும் தெளிவான குறிப்போ அதற்கு இரு நூற்றாண்டு பிந்தியது. அதை எழுதியவர்களும் கிறித்தவர்களே! யார் யாருடைய சாயலைப் பெற்றார் என்பதை அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. அன்னாளுக்கோ இந்தச் சிக்கலும் இல்லை. அவர் பெயர் விவிலியத்தில் இல்லை. 2-ஆம் நூற்றாண்டு நூலொன்றில் மரியாளின் தாயாக முதன்முதலில் வருகிறார். வரலாற்றுச் சான்று குறைவு என்று வேண்டுமானால் குறை சொல்லலாம்.

இனி என் தோழனுக்கு. தமிழ் படிக்கும் நமக்கு நடுகல் தெரியும். காட்சி, கால்கோள், நீர்ப்படை என்று தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. வஞ்சிக் காண்டத்தில் அதே வரிசையில் கண்ணகி கல்லாகி, தெய்வமாகிறாள். மனிதர் தெய்வமாவது நம் மரபில் இயல்பு. கத்தோலிக்கப் புனிதர் மட்டும் கடைசிவரை மனிதராகவே இருக்கிறார். நமக்காக வேண்டுகிறார், அவ்வளவே. 787-இல் கூடிய இரண்டாம் நிசேயா சங்கம் படங்களுக்கும் புனிதர்களுக்கும் செய்யும் மரியாதையைக் கடவுளுக்குரிய ஆராதனையிலிருந்து பிரித்தது. தமிழ்க் கத்தோலிக்கர் அந்த மரியாதைக்கு 'வணக்கம்' என்ற சொல்லைக் கொண்டார்கள். மே மாதம் மாதா வணக்க மாதம். பேருந்தில் ஆசிரியரைக் கண்டால் நாம் சொல்லும் அதே சொல்தான். அன்னாளையும் மாரியம்மனையும் ஒன்றாக்கும்போது அன்பு கூடுவதுபோல் தோன்றும். ஆனால் மாரியம்மன் என் தோழனுக்கு யாரோ ஒருவருடைய பாட்டி அல்லள். அவள் தெய்வம். இருவரையும் ஒன்றென்றால் குறைந்துபோவது அவளும்தான்.

நூல்களில் இந்தக் கோடு தெளிவாக இருக்கிறது. பாட்டியிடம் இருந்ததா? எனக்கு ஐந்து வயதில் காய்ச்சல் வந்தபோது அன்னாளுக்கு மொட்டையடிப்பதாக நேர்ந்துகொண்டவர் அவர். அப்போது வணக்கம் எது, ஆராதனை எது என்று அவர் பிரித்துப் பார்த்திருக்கமாட்டார். ஆனால் ஒவ்வோர் இரவும் செபம் முடியும்போது, "தாயே, உன் பேரன்கிட்டச் சொல்லு" என்பார். அன்னாளின் பேரன் யார் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. சித்தப்பா அந்த வீட்டில் வளர்ந்தவர். அவருக்கும் அது கேட்டிருக்கும்.

சுரூபத்தை நானே எடுத்து வந்துவிட்டேன். சிறுமி மரியாளுக்கு அன்னாள் புத்தகம் வாசிக்கக் கற்றுக்கொடுக்கும் கோலம். எழுதப் படிக்கத் தெரியாத பாட்டி அதை ஏன் தேர்ந்தெடுத்தார் என்று கேட்காமல் போனேன். இப்போது விடுதி அலமாரியில் என் பாடநூல்களுக்குப் பக்கத்தில் இருக்கிறது. வெள்ளிக்கிழமைகளில் தோழன் தன் முருகன் படத்துக்குப் பூ வைக்கும்போது இங்கும் ஒன்று வைக்கிறான். பூ வைக்கலாம், சூடம் காட்டாதே என்று சொல்லியிருக்கிறேன்.

சபை மாறிய பிறகும் ஒவ்வோர் ஜூலையிலும் பாட்டியைப் புக்கிட் மெர்தாஜாமுக்கு வண்டியில் ஏற்றிச் சென்றவர் சித்தப்பாதான். உள்ளே வராமல், வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். வரும் ஜூலையிலும் அவரையே ஓட்டிவரச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்னும் பதில் வரவில்லை.