ஒரு பலகையின் வம்சம்

ஆங்கிலத்தில் ‘போர்டு’ என்று வழங்கும் சிறு பெயர்ச்சொல்லுக்கு, ஆங்கில-தமிழ் அகராதி தொகுப்போராகிய நாம் பெரும்பாலும் பலகை, மேசை, உணவு, சபை, கப்பலின் பக்கம் என்று ஒரே வரியில் அர்த்தங்களை அடுக்கிவிட்டு, அவற்றுள் ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் உள்ள சம்பந்தத்தை வாசகரின் ஊகத்துக்கே விட்டுவிடுகிறோம். இவ்வழக்கம் மாறவேண்டும் என்பது எம்முடைய உறுதியான அபிப்பிராயம்.

பழைய ஆங்கிலத்திலேயே அச்சொல் மரப்பலகையையும் கப்பலின் விலாப்புறத்தையும் குறித்தது. கப்பலைத் திருப்பும் துடுப்பு வலப்புறத்தில் கட்டப்பட்டிருந்த காரணத்தால் அப்பக்கத்துக்கு ஏற்பட்ட ‘ஸ்டார்போர்டு’ என்னும் பெயரை மாலுமிகள் இன்றும் கைவிடவில்லை. கால்களின்மேல் கிடத்தப்பட்ட பலகை உண்ணும் மேசையாகி, மேசையின் பெயர் அதில் பரிமாறப்படும் உணவுக்கு ஆகி, பணம் பெற்றுக்கொண்டு இடமும் சாப்பாடும் அளிக்கும் ஏற்பாட்டில் நிலைத்தது. அதே மேசையைச் சுற்றி ஆலோசனைக்கு அமர்ந்தோரையும் அப்பெயர் பற்றிக்கொண்டு, முடிவில் அதிகாரம் செலுத்தும் ஸ்தாபனத்தின் நாமமாயிற்று. 1784-ஆம் வருஷத்துப் பிட் சட்டத்தின்படி கிழக்கிந்தியக் கும்பினியாரின் இந்திய நிர்வாகத்தை மேற்பார்க்க லண்டனில் நிறுவப்பட்ட சபையும், 1786-இல் சென்னையில் வரிவசூலுக்கென ஏற்பட்ட ரெவின்யூ போர்டும் இவ்வழியில் பெயர் பெற்றவையே. ஊர் என்னும் இடப்பெயர் ஊராரைக் குறிப்பதை இடவாகுபெயர் என்று கற்பித்த இலக்கணம் நம் கையில் இருக்க, இந்த வம்சாவளியை அர்த்தக் கிரமத்தில் விளங்கக் காட்டுவது நமக்கு அரிய காரியமன்று.

சபை என்னும் பொருளுக்கு ‘வாரியம்’ அமைந்தது நம் பாக்கியம். முதற் பராந்தக சோழன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டில் ஏரி வாரியமும் தோட்ட வாரியமும் பேசப்படுகின்றன. அப்பழஞ்சொல்லை மின்சார வாரியத்தின் பெயரில் இன்று பாமரரும் சரளமாக வழங்குகிறார்கள். ஆனால் பஸ்ஸின் முகப்பில் ஊர்ப்பெயர் தாங்கி நிற்பதும், சுவரில் மின்விசைகளைத் தாங்குவதும், சிறுவர்கள் கேரம் ஆடுவதும் ஜனங்களின் வாயில் போர்டாகவே இருக்கின்றன. இப்பிரயோகங்களுக்குத் தமிழ் அகராதியிலும் தனிப்பதிவு கொடுப்பதே நியாயம்.

அர்த்தங்களைத் தோன்றிய முறையில் வைப்பதா, பயிலும் மிகுதியை நோக்கி வைப்பதா என்னும் பழைய விவாதத்தில், மாணவர் கைநூலுக்குப் பின்னதே தக்கது என்போம்; அங்கும் பிறப்பின் தொடர்பை ஒரு வரியில் சுட்டாமல் விடலாகாது. ஒவ்வோர் அர்த்தத்துக்கும் உதாரண வாக்கியம் இன்றியமையாதது. அன்பர்கள் தம் வாசிப்பில் எதிர்ப்படும் வாக்கியங்களை, நூலின் பெயரும் பக்க எண்ணும் குறித்து, தனித்தனிச் சீட்டுகளில் எழுதி அனுப்பி உதவ வேண்டுகிறோம்.