வள்ளியும் வேலுவும் ஒன்றாம், நான் மட்டும் இரண்டு பேராம்!

என் பெயர் தமிழ்ச்செல்வி. பெயர் வைத்த நாளிலிருந்து எனக்கு வேறு பெயர் கிடையாது. குடும்ப அட்டையில் அதுதான், வாக்காளர் அட்டையில் அதுதான், ஆதாரின் தமிழ் வரியிலும் எழுத்துப் பிசகாமல் அதுதான். ஆனால் கணவர் விட்டுப்போன காப்பீட்டுப் பணத்தை வாங்கப் போனால், நான் நானில்லையாம். "பேரு மேட்ச் ஆகலைம்மா, சிஸ்டம் ரிஜெக்ட் பண்ணுது, நான் என்ன பண்ணட்டும்?" என்கிறார் அதிகாரி, திரையைப் பார்த்தபடியே. எதிரில் முழு ஆளாக உட்கார்ந்திருக்கும் என்னை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

வித்தியாசம் எங்கே? ஆங்கிலத்தில். பள்ளிச் சான்றிதழில் தலைமையாசிரியர் 'ழ'வுக்கு ஒற்றை எல் போட்டார், 'செ'வுக்கு எஸ். அதைப் பார்த்துத்தான் என் கணவர் பாலிசியில் எழுதினார். ஆதார் முகாமில் தட்டிய பையன் தமிழ்ப் பற்றுள்ளவன் போலிருக்கிறது. 'ழ'வுக்கு இசட்-எச், 'செ'வுக்கு சி-எச், முதல் எழுத்துக்கு டி-எச் என்று அள்ளிப் போட்டுவிட்டான். இரண்டும் நான் எழுதியதல்ல. என்னைக் கேட்டும் எழுதவில்லை. தண்டனை மட்டும் எனக்கு.

எந்தக் கணக்கில் என்னைக் கழித்தீர்கள் என்று கேட்டேன். அதைச் சொல்ல மாட்டார்களாம். சரி, பெயர்களை ஒப்பிட உலகத்தில் என்னென்ன கணக்கு இருக்கிறது என்று, கணினி படித்த மகளை உட்கார வைத்துக் கேட்டேன்.

சோவியத் கணிதர் லெவன்ஷ்டைன் 1965-ல் தந்த கணக்கு ஒன்று. ஒரு சொல்லை இன்னொன்றாக்க எத்தனை எழுத்தைச் சேர்க்க, நீக்க, மாற்ற வேண்டும் என்று எண்ணுவது. என் பெயருக்கு ஐந்து. இரண்டில் நீளமான ஆதார் பெயரில் ஆங்கில எழுத்து பதின்மூன்று. அதில் ஐந்து போனால் ஒப்புமை 62 விழுக்காட்டைக்கூடத் தொடவில்லை. முனி என்ற பெயரை ஆங்கிலத்தில் மணியாக்க ஒரே எழுத்தை மாற்றினால் போதும். என்னைவிட அவர்கள் இருவரும்தான் ஒரே ஆளுக்கு நெருக்கம்!

இன்னொன்று சவுண்டெக்ஸ். அமெரிக்காவில் ராபர்ட் ரஸ்ஸல் 1918-ல் காப்புரிமை வாங்கிய முறை. அங்கே மக்கள் தொகைக் கணக்கெடுப்புப் பெயர்களை அடுக்கப் பயன்பட்டது. முதல் எழுத்தை வைத்துக்கொண்டு உயிரெழுத்துகளையும் எச் போன்றவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு, மிச்ச மெய்களுக்கு எண் கொடுப்பார்கள். எல் என்றால் 4, இசட் என்றால் 2. பள்ளித் தமிழ்ச்செல்வி டி542, ஆதார் தமிழ்ச்செல்வி டி524. வள்ளிக்கும் வேலுவுக்கும் என்ன வரும் தெரியுமா? இருவருக்கும் வி400. பெண்ணும் ஆணும் ஒரே குறிக்குள் அடங்குவார்கள், நான் எனக்குள் அடங்க மாட்டேன்.

ரஸ்ஸலை நான் குறை சொல்லவில்லை. அவர் தன் ஊர்ப் பெயர்களுக்குச் செய்தார். கிழக்கு ஐரோப்பிய யூதப் பெயர்கள் அந்த வலையில் சரியாகச் சிக்கவில்லை என்று கண்ட மோகோடாஃப், டேய்ச் என்ற இருவர், 1985-ல் தங்கள் பெயர்களுக்கென்றே வேறு விதி எழுதினார்கள். ஒரே எழுத்துக் கூட்டுக்கு இரண்டு ஒலி இருக்கலாம் என்பதை ஏற்றுக்கொண்ட விதி. இசட்-எச்சும் எல்லும் எங்களுக்கு ஒரே 'ழ'தான் என்று எழுத எத்தனை வரி ஆகிவிடும்? இந்திய எழுத்துகளுக்கான ஒலிக்குறி நிரல்கள் கட்டற்ற மென்பொருளாகவே கிடைக்கின்றன. காசு கொடுக்கக்கூட வேண்டாம். எடுத்துப் பயன்படுத்த மனசுதான் வேண்டும்.

இதில் இனிஷியல் கூத்து வேறு. கல்யாணத்துக்கு முன் அப்பாவின் எழுத்து, பின்னால் கணவரின் எழுத்து; ஒரு தாளில் பெயருக்கு முன்னால், இன்னொன்றில் பின்னால். முதல் எழுத்தையே பிடித்துத் தொங்கும் கணக்குகளுக்கு அது ஒன்றே போதும், ஆளை மாற்றிவிட.

இப்போது என்னைச் சத்தியம் செய்யச் சொல்கிறார்கள். முத்திரைத்தாள் வாங்கி, நோட்டரியிடம் போய், இரண்டு பெயரும் ஒருவரையே குறிக்கும் என்று. அதுவும் போதாதென்றால் அரசிதழில் பெயர் மாற்றம் போட வேண்டுமாம். நான் எப்போதய்யா பெயரை மாற்றினேன்? மாற்றியவர்கள் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள். செலவும் அலைச்சலும் தாலியறுத்தவளுக்கா?

நான் கேட்பது சலுகை இல்லை. ஆதாரில் தமிழ் வரி இருக்கிறது. உங்கள் விண்ணப்பத்திலும் தமிழில் பெயர் எழுத ஒரு கட்டம் வையுங்கள். இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தவில்லையா, எந்தக் கணக்கில், எத்தனை விழுக்காட்டில் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். கணக்கு தடுமாறும் இடத்தில் ஆளைப் பார்த்து முடிவெடுக்க ஒரு மனிதருக்கு அதிகாரம் கொடுங்கள். அதுவரை நிறுத்தி வைத்திருக்கும் என் பணத்துக்கு வட்டி போடுங்கள்.