செங்கம்பளமும் தையலூசியும்

'ஆள் பாதி, ஆடை பாதி' என்பது நம் நாட்டுப் பழமொழி. இதனைக் கூறிய முன்னோர் ஆடையை ஆளுக்குச் சரிபாதியாக நிறுத்தினரேயன்றி, ஆடை ஆளை விழுங்கிவிட இடங்கொடுத்தாரல்லர். இக்காலத்து மேனாட்டுத் திரைப்படப் பரிசளிப்பு விழாக்களை நோக்குவார்க்கோ, ஆள் எங்கே என்னும் ஐயம் எழாமற் போகாது. அமெரிக்க நாட்டில் ஆண்டுதோறும் நடைபெறும் ஆஸ்கார் விழாவின் மறுநாட் காலையில், சிறந்த நடிகை என்னும் பரிசு யார்க்குக் கிடைத்தது என்று அறியாதாரும், இன்ன நடிகை இன்ன நிறத்து ஆடை உடுத்து வந்தார் என்று அறிந்திருக்கின்றனர். இவ்வாடையணியின் வரலாற்றைச் சுருங்க ஆராய்ந்து, அதன்கண் கொள்ளத்தக்கது இது, தள்ளத்தக்கது இது என்று நம் கருத்தை வெளியிடுதலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

செங்கம்பளம் விரித்து வரவேற்கும் வழக்கம் மிகப் பழையது. கி.மு. 458-ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரில் அரங்கேறிய, ஈஸ்கிலஸ் என்னும் கிரேக்கப் புலவரது 'அகமெம்னான்' நாடகத்திலே, திராய்ப் போரில் வென்று மீண்ட மன்னனை அவன் மனைவி செந்நிறத் துகில்களை விரித்து எதிர்கொள்கின்றாள். தேவர்க்கு உரிய சிறப்பை மானிடன் மிதித்தல் தகுமோ என்று மன்னன் அஞ்சுகின்றான். பின்னர்க் காலணியைக் கழற்றிவிட்டு அதன்மேல் நடந்து செல்கின்றான். அரண்மனையினுள் அவனுக்குக் காத்திருந்ததோ கொலை. திரைப்பட உலகில், 1922-ஆம் ஆண்டு ஹாலிவுட்டில் சிட் கிராமன் என்பார் திறந்த எகிப்திய அரங்கிலே, 'ராபின் ஹூட்' என்னும் படத்தின் முதற்காட்சிக்குச் செங்கம்பளம் விரிக்கப்பட்டது என்பர்.

ஆயினும் ஆஸ்கார் விழா தொடங்கிய காலத்தில் இத்தகைய ஆரவாரம் யாதும் இல்லை. 1929-ஆம் ஆண்டு மே மாதம் 16-ஆம் நாள், ஹாலிவுட் ரூஸ்வெல்ட் ஹோட்டலில் ஏறத்தாழ 270 பேர் ஒருங்கிருந்து விருந்துண்டனர். நுழைவுச் சீட்டின் விலை 5 டாலர். பரிசு வழங்கும் சடங்கு 15 நிமிடத்தில் முடிவுற்றது. பின்னர் உலகப் போர் மூண்டபோது, 1942-ஆம் ஆண்டு விழாவுக்குப் பகட்டான உடையணிந்து வருதல் வேண்டா என்று விருந்தினர் கேட்டுக்கொள்ளப்பட்டனர். உலோகம் அரிதாகியமையால், அப்போர்க்காலத்தில் மூன்றாண்டுகள் பரிசுச் சிலைகளும் வண்ணம் பூசிய சாந்தினாற் செய்யப்பட்டன. உடை எளிதாகியமையாலும் சிலை சாந்தாகியமையாலும் கலைஞர்தம் பெருமை குறைந்துவிட்டதோ? இல்லை.

பின்பு தொலைக்காட்சி வந்தது. 1953-இல் விழா முதன்முறையாகத் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. 1961-இல் சாந்தா மோனிகா நகரத்து மண்டபத்தின் வாயிலிற் செங்கம்பளம் விரிக்கப்பட்டது. 1966-இல் காட்சி வண்ணத்தில் வந்தது. அன்று முதல் வாயிலினின்று மண்டபம் வரை நடக்கும் நடையே ஒரு தனி விழாவாயிற்று. இம்மாறுதலின் நன்மை தீமைகளை அறிவதற்கு, மூன்று பெண்மணிகளின் ஆடைகளை எடுத்துக்கொள்வோம்.

முதலாமவர் ஹாட்டி மக்டேனியல் அம்மையார். 'கான் வித் த விண்ட்' என்னும் படத்தில் நடித்தமைக்காக, 1940-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 29-ஆம் நாள், கறுப்பு இனத்தாருள் முதன்முதலாக ஆஸ்கார் பரிசு பெற்றவர் இவரே. இதற்கு இரண்டு திங்கள் முன்னர், அட்லாண்டா நகரில் நடந்த அப்படத்தின் முதற்காட்சிக்கு, நிறவேற்றுமைச் சட்டங் காரணமாக இவர் செல்ல இயலவில்லை. பரிசு வழங்கிய ஹோட்டலிலும் அவ்வினத்தார்க்கு அனுமதி இல்லை. படத் தயாரிப்பாளர் தனியே வேண்டிக்கொண்டதனால் இவரை உள்ளே விட்டனர். விட்டும், உடன் நடித்தாரோடு அமர்த்தாமல், சுவரோரத்தில் ஒரு சிறு மேசையில் அமர்த்தினர். அம்மையாரோ நீலப்பச்சை நிறத்து நெடிய ஆடை உடுத்து, கூந்தலிற் கார்டினியா என்னும் வெண்மலர் சூடி, தலைநிமிர்ந்து மேடையேறினார். அவ்வுடையை ஆடம்பரம் என்று கூற யார்க்கு நாவெழும்? தம்மை ஒதுக்கிய அவையில், 'நானும் இவ்விழாவுக்கு உரியவளே' என்பதை அவர் ஆடையால் உரைத்தார். எழுபது ஆண்டுகட்குப் பின், 2010-இல் பரிசு பெற்ற மோனிக் என்னும் நடிகை, நீல உடையும் அதே மலரும் அணிந்து வந்து அவரை நினைவுகூர்ந்தார். ஆடை ஒருவரது மானத்தைத் தாங்கும் கருவியுமாகும் என்பதற்கு இதனினும் சான்று வேண்டா.

இரண்டாமவர் ஆன் லோ அம்மையார். இவர் நடிகையல்லர், தையற்கலையில் வல்லவர், அலபாமா மாநிலத்துக் கறுப்பினக் குடும்பத்திற் பிறந்தவர். 1947-ஆம் ஆண்டு ஒலிவியா டி ஹாவிலண்ட் சிறந்த நடிகை என்னும் பரிசைப் பெற்றபோது அணிந்திருந்த, பூவண்ணம் தீட்டிய உடை இவர் கைவண்ணமே. ஆயின் அவ்வுடையின் உட்புறத்தே தைத்திருந்த பெயர்ச்சீட்டிற் காணப்பட்டது வேறொருவர் பெயர். 1953-இல் ஜாக்குலின் கென்னடியின் மணவாடையைத் தைத்தவரும் இவரே. மணநாளுக்குப் பத்து நாள் இருக்கையில் தையற்கூடத்தில் நீர் புகுந்து அவ்வாடையைப் பாழாக்கிற்று; இவர் தம் கைப்பொருளை இழந்து அதனை மீண்டும் செய்து கொடுத்தார். மணவிழாவை எழுதிய பத்திரிகைகள் பலவும் இவர் பெயரை எழுதவில்லை. உடை புகழ்பெற்றது; உடுத்தவர் புகழ்பெற்றார்; ஊசி பிடித்த கை மறைந்தது.

மூன்றாமவர் ஜோன் உட்வர்டு அம்மையார். 1958-இல் சிறந்த நடிகை என்னும் பரிசை வாங்க இவர் அணிந்து வந்த பச்சை உடை, தாமே வரைந்து தாமே தைத்தது. அதன் துணிக்குச் செலவிட்டது 100 டாலர் என்று அவரே கூறினார். ஹாலிவுட்டின் பெருமையையே இவர் குலைத்துவிட்டார் என்று முதிய நடிகை ஒருவர் கடிந்துகொண்டாராம். நமக்கோ, அன்றைய அவையிலே தம் உடையைத் தமது என்று முழுவுரிமையோடு கூறத்தக்கவர் இவரே என்று தோன்றுகின்றது.

இனி அண்மைக் காலத்தை நோக்குவோம். 1990-ஆம் ஆண்டு விழாவில் இத்தாலிய நாட்டு ஜார்ஜியோ அர்மானியின் உடைகளை நட்சத்திரங்கள் பலர் அணிந்து வரவே, ஆடைத்தொழிற் பத்திரிகையொன்று அவ்விழாவை அர்மானியின் பெயராலேயே குறித்தது. அதன்பின் வணிகர் போட்டி மிகுந்தது. ஒருநாட் பொழுதுக்கு உடையும் அணிகலனும் இரவலாக வந்தன; மறுநாள் உரியவரிடம் திரும்பிச் சென்றன. நிறுவனத்தாரிடம் ஊதியம் பெற்று அவர்தம் பொருளை அணிவதும் வழக்கமாயிற்று. கம்பளத்தின் ஓரத்தில் ஒலிவாங்கியுடன் நின்ற ஜோன் ரிவர்ஸ் போன்றார், யாருடைய உடையை அணிந்திருக்கின்றீர் என்னும் வினாவையே முதல் வினாவாக்கினர். 1995-ஆம் ஆண்டு, உடையமைப்புக்கான பரிசைப் பெற்ற லிசி கார்டினர், 254 பொன்னிறக் கடனட்டைகளைக் கோத்த உடையில் வந்து நின்றார். மற்றையோர் உடையிலே மறைந்திருந்த வணிகத்தை அவர் வெளிப்படையாகவே அணிந்து வந்தார் என்று கூறலாம். 2015-ஆம் ஆண்டளவில், உடையை விடுத்து எங்கள் தொழிலைப் பற்றியும் கேளுங்கள் என்று நடிகையரே வேண்டத் தொடங்கினர். தக்க வேண்டுகோளே அது.

இங்கே ஒரு தடை நிகழ்தல் கூடும். 'இவ்வாடம்பரத்தால் நெய்வார், தைப்பார், பூவேலை செய்வார் எனப் பல்லாயிரவர் பிழைக்கின்றனர். அதனைக் குறை கூறுதல் அவர் வயிற்றில் அடிப்பதாகாதோ?' என்பர். இது மெய்யான தடையே. பாரிஸ் நகரத்துப் பெயர்பெற்ற ஆடைநிலையங்கள் சிலவற்றிற்கு நம் நாட்டு மும்பையிலிருந்து கைவினைஞர் பூத்தையல் செய்து அனுப்புகின்றனர் என்பதையும் நாம் மறந்தோமில்லை. ஆதலின், கம்பளத்தைச் சுருட்டிவிடுக என்று நாம் கூறவில்லை. அத்தொழிலாளரின் பொருட்டே வாதிடுவார், அவர் பெயரை ஏன் ஒருநாளும் உரைத்திலர் என்றே வினவுகின்றோம். 'யாருடைய உடை' என்னும் வினாவுக்கு நிறுவனத்தின் பெயர் விடையாகின்றது. அதனைச் செய்த கைகளின் பெயர் விடையாவதில்லை. ஆன் லோ அம்மையார்க்கு அன்று நேர்ந்தது இன்றும் பெயரறியாத பலர்க்கு நேர்ந்துகொண்டே இருக்கின்றது.

வினாவைத் திருத்துவதற்கு வழி இல்லாமலில்லை. திரைப்படத்தினுள் அணியும் உடைக்கு 1949-ஆம் ஆண்டு விழா முதல் ஆஸ்கார் பரிசு வழங்கப்படுகின்றது. ஈடித் ஹெட் என்னும் அம்மையார் அப்பரிசை எட்டு முறை பெற்றார். 1983-இல் 'காந்தி' படத்துக்காக ஜான் மோலோ என்பாரோடு அதனைப் பெற்ற பானு அதையா, ஆஸ்கார் பரிசு பெற்ற முதல் இந்தியர் ஆவார். மேடையிலே ஆடையமைப்போர்க்கு இத்துணைச் சிறப்புச் செய்யும் அவை, வாயிலிலும் தைத்தவர் பெயரை உரைப்பதிற் பெருந்தடை யாது?

மற்றொரு வழியும் உண்டு. ரீட்டா மொரீனோ என்னும் நடிகை, 1962-இல் பரிசு பெற்றபோது அணிந்த உடையையே 2018-ஆம் ஆண்டு விழாவுக்கும் அணிந்து வந்தார். ஐம்பத்தாறு ஆண்டு பெட்டியிற் பேணிய உடை அது, இரவலுடை அன்று. 'கந்தையானாலும் கசக்கிக் கட்டு' என்று நம் பாட்டிமார் கூறியதன் கருத்தும் இதுவே. உடையின் பெருமை விலையிலன்று, உடுத்துவார் அதனைத் தமதாகக் கொண்டு பேணுதலிலே உள்ளது.

2023-ஆம் ஆண்டு விழாவில் கம்பளத்தின் செந்நிறத்தை மாற்றி வெளிறிய நிறத்தில் விரித்துப் பார்த்தனர். மறு ஆண்டே பழைய நிறத்துக்குத் திரும்பினர். நிறத்தை மாற்றுவதனால் ஆவதென்ன? அகமெம்னான் அஞ்சியது கம்பளத்தின் நிறத்துக்கன்று. தனக்கு உரியதல்லாத சிறப்பின்மீது கால் வைப்பதற்கே அஞ்சினான். அவ்வச்சம் இன்றும் நன்று. கம்பளத்தில் நடப்பார் தம் உடையைத் தைத்தவர் பெயரை அறிந்து உரைப்பாராயின், அச்சிறப்பு உரியவரைச் சென்று சேரும். நம் கல்லூரி மாணவரும், பண்டிகைக்குப் புத்தாடை உடுக்குங்கால், அதனைத் தைத்தவர் யார் என்று ஒருமுறையேனும் கேட்டறிவாராக.