ஆஸ்கார் சபையும் பார்ப்போர் தீர்ப்பும்

அமெரிக்காவில் ஆண்டுதோறும் நடைபெறும் ஆஸ்கார் பரிசளிப்பு வைபவத்தில் பரிசு யாருக்கு என்று தீர்மானிப்பவர்கள் அக்காடமியின் அங்கத்தினர்கள். வீட்டிலிருந்து டெலிவிஷனில் பார்க்கிறவர்களுக்கு அதில் வோட்டு இல்லை. ஆயினும், சென்ற பல வருஷங்களாக அந்த ஸ்தாபனத்தை ஆட்டி வைத்து வருவது இவ்வோட்டில்லாத ஜனங்களின் அபிப்பிராயமே. இதனால் விளைந்தது முழு நன்மையுமன்று, முழுத் தீமையுமன்று என்பது நமது கருத்து.

1953-ஆம் ஆண்டு மார்ச்சு 19-ந் தேதியன்று இவ்வைபவம் முதன் முதலாக டெலிவிஷனில் காட்டப்பட்டது. படக் கம்பெனிகள் சில செலவுக்குப் பணம் தரக் கையை விரித்துவிடவே, அதுகாறும் சினிமாவின் சத்துருவாக எண்ணப்பட்டு வந்த டெலிவிஷனின் தயவை அக்காடமி நாட வேண்டியதாயிற்று. நாளடைவில் டெலிவிஷன் கம்பெனி செலுத்தும் தொகையே அதன் வருமானத்தில் பெரும் பகுதியாகிவிட்டது. பார்ப்போர் குறைந்தால் பொக்கிஷத்துக்கு ஆபத்து என்ற நிலைமை இவ்வாறுதான் ஏற்பட்டது. 'டைட்டானிக்' படம் பரிசு பெற்ற 1998-ல் அமெரிக்காவில் ஐந்தரைக் கோடிப் பேர் பார்த்த வைபவத்தை 2021-ல் பார்த்தவர்கள் ஒரு கோடிக்குச் சற்றே அதிகம். அவ்வருஷம் கொள்ளை நோயால் கொட்டகைகள் மூடிக் கிடந்தது மெய்யே. ஆனால் வீழ்ச்சி அதற்கு முன்னரே தொடங்கிவிட்டது.

பார்ப்போர் கூறும் குறைகள் இரு வகைப்படும். ஒன்று நியாயம் பற்றியது. 2015, 2016 ஆகிய இரண்டு வருஷங்களிலும் நடிப்புப் பரிசுகளுக்குப் பிரேரேபிக்கப்பட்ட இருபதின்மரும் வெள்ளையராகவே இருக்கக் கண்டு பொதுஜனங்கள் பெருங் கண்டனம் எழுப்பினர். அதன் பேரில், 2020-க்குள் பெண் அங்கத்தினர் தொகையையும் வெள்ளையரல்லாத அங்கத்தினர் தொகையையும் இருமடங்காக்குவதென்று 2016 ஜனவரியில் அக்காடமியின் நிர்வாக சபை தீர்மானித்தது. வோட்டில்லாதவர்கள் வோட்டுள்ளவர்களைத் திருத்தியது சிலாக்கியமான காரியமே.

மற்றொரு குறை அலுப்பைப் பற்றியது. வைபவம் நீண்டுவிடுகிறது, பெயர் தெரியாத தொழிலாளர்களெல்லாம் மேடையேறி நன்றி கூறுவதைக் கேட்டுச் சகிக்க முடியவில்லை என்பது. இக்குறையைத் தீர்க்கப் புகுந்துதான் அக்காடமி வழி தவறிற்று. படத்தொகுப்பு, சங்கீதம், ஒலி, ஒப்பனை முதலிய எட்டுப் பரிசுகளை நேர் ஒளிபரப்புக்கு முன்னதாகவே வழங்கிவிட்டு, அவற்றின் சுருக்கத்தை மட்டும் இடையே காட்டுவதென்று 2022-ல் ஏற்பாடு செய்தது. ஜேம்ஸ் காமரூன், ஜான் வில்லியம்ஸ் உள்ளிட்ட எழுபதுக்கு மேற்பட்ட கலைஞர்கள் ஆட்சேபித்து எழுதியும் பயனில்லை. கண்ட பலன் யாது? முந்திய வருஷத்தைக் காட்டிலும் வைபவம் நீண்டு, சுமார் மூன்று மணி நாற்பது நிமிஷம் நடந்தது. அன்றிரவு ஜனங்கள் கவனித்துப் பேசியதோ, வில் ஸ்மித் என்ற நடிகர் மேடையேறிக் கிறிஸ் ராக்கைக் கன்னத்தில் அறைந்ததையே. அறைந்தவர் சற்று நேரத்தில் சிறந்த நடிகர் பரிசைப் பெற்றபோது மண்டபத்திலிருந்தோர் எழுந்து நின்று கரகோஷம் செய்தனர். வீட்டிலிருந்து பார்த்தவர்களில் பலர் இதனை அருவருத்தனர். அவ்விஷயத்தில் மண்டபத்தாரை விட வீட்டாரே நிதான புத்தியுள்ளவர்களென்று நாம் கூறுவோம். பின்னர் அக்காடமி அந்நடிகரைப் பத்து வருஷம் விலக்கி வைத்தது. எட்டுப் பரிசுகளும் 2023-ல் மீண்டும் நேர் ஒளிபரப்பில் இடம் பெற்றன.

ஆயினும் கடிகாரத்தின் கொடுங்கோன்மை ஒழியவில்லை. நமது முதுமலைத் தெப்பக்காட்டு யானை முகாமில் எடுக்கப்பட்ட 'தி எலிபெண்ட் விஸ்பரர்ஸ்' என்ற குறும்படம் அவ்வருஷமே பரிசு பெற்றது. டைரக்டர் கார்த்திகி கொன்ஸால்வெஸ் பேசி முடித்து, படத்தைத் தயாரித்த குனீத் மோங்கா வாய் திறக்குமுன் வாத்தியம் முழங்கத் தொடங்கிவிட்டது. ஒரு பரிசுக்கு நாற்பத்தைந்து விநாடி என்பது அங்குள்ள விதியாம்! அதே மேடையில் பிரசித்தி பெற்ற நடிகர்கள் நிமிஷக் கணக்காகப் பேசுவதையும் கண்டவர்களாதலால், நமது நாட்டு ரஸிகர்கள் கொதித்தெழுந்ததில் வியப்பில்லை. காட்டில் அனாதை யானைக் குட்டியை வளர்த்த பொம்மன், பெள்ளி தம்பதிகளின் கதைக்கு உலகம் செவி சாய்த்த அந்த ஒரு தருணத்தில் மிச்சப்படுத்திய அரை நிமிஷத்தைக் கொண்டு அக்காடமி சாதித்ததென்ன?

2029 முதல் இவ்வைபவம் டெலிவிஷன் கம்பெனியை விட்டு யூடியூபுக்குப் போகிறதென்று 2025 டிஸம்பரில் அறிவிக்கப்பட்டது. அடுத்த நிகழ்ச்சிக்கு நேரமாகிவிட்டதென்ற சாக்கு அங்கே இராது. ஒலிப்பதிவாளரும் படத்தொகுப்பாளரும் தங்கள் ஆசானுக்கும் தாய்க்கும் நன்றி கூறி முடிக்கும் வரையில் வாத்தியக்காரரைச் சும்மா இருக்கச் செய்ய அக்காடமிக்கு அப்போதாவது மனம் வருமா என்பதையே நாம் எதிர்பார்த்திருக்கிறோம்.