சைலன்சர் வால்வுக்கு ஸ்விட்ச்: நம் நிலை

திறந்தால் சத்தம் கூடும், மூடினால் குறையும் எக்ஸாஸ்ட் வால்வுக்குத் தனி ஸ்விட்ச் போட்டுத் தரச் சொல்லி வண்டிக்காரர் வந்து நிற்கிறார். ரிமோட்டோடு வரும் கிட்டையும் அவரே வாங்கிக்கொண்டு வந்துவிடுகிறார். செய்யலாமா, செய்தால் மாட்டிக்கொள்வது யார், இதற்கான சர்க்கியூட்டை இதழில் போடுவீர்களா என்று வாசகர்கள் விடாமல் கேட்கிறார்கள். 2019 ஜனவரி 9 அன்று உச்ச நீதிமன்றம் வண்டி மாற்றங்கள் பற்றித் தந்த தீர்ப்பும், அதே ஆண்டின் மோட்டார் வாகனத் திருத்தச் சட்டம் கொண்டுவந்த 182ஏ பிரிவும் எதிரே இருக்கும்போது, ‘பார்த்துச் செய்யுங்கள்’ என்று நழுவும் பதில் இனிச் செல்லாது.

சாலையில் ஓடும் வண்டியில், ஈசியூ மூடச் சொல்லும் நேரத்தில் வால்வைத் திறந்து வைக்கும் ஸ்விட்சுக்கு இந்த இதழ் சர்க்கியூட் வெளியிடாது. இருங்காட்டுக்கோட்டை, கரி ஸ்பீட்வே பந்தயத் தடங்களில் மட்டும் ஓட டிரெய்லரில் போகும் வண்டிகளுக்கு இந்தத் தடை இல்லை. வால்வை மூடி வைக்கும் ஸ்விட்ச் வேறு விஷயம். அதைப் பின்னால் சொல்கிறேன்.

மறுப்பதற்கு முதல் காரணம் சட்டமல்ல, வேலை. வேக்கத்தால் இயங்கும் வால்வில் சொலினாய்டுக்கு 12 வோல்ட் நிலையாக நிற்கும், எர்த்தை ஈசியூ கொடுக்கும் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. அந்த எர்த் வயரை வெட்டி ஸ்விட்ச் போட்டால், பெரும்பாலான வண்டிகளில் வேக்கம் போய் வால்வு ஸ்பிரிங் விசையில் திறந்துகொள்கிறது. கூடவே செக் லைட்டும் வருகிறது. அதை அணைக்க டம்மி ரெசிஸ்டர் வைக்கிறார்கள். காயில் 30 ஓம் என்று கொண்டால் 14 வோல்ட்டில் கிட்டத்தட்ட அரை ஆம்பியர், அதாவது ஆறரை வாட் சூடு. கால் வாட் ரெசிஸ்டர் நிமிடத்தில் கருகும். பத்து வாட் செராமிக் வைத்தாலும் அதைக் கார்ப்பெட்டுக்கு அடியில் டேப் சுற்றித் திணித்தால் அடுத்து கருகுவது கார்ப்பெட். ஹார்னஸில் கை வைக்காமல், வேக்கம் ஹோஸில் இரண்டாவது சொலினாய்டு ஒன்றைச் சேர்ப்பதுதான் சுத்தமான வேலை. ஈசியூவின் காயில் அப்படியே இருக்கும், கோடு எதுவும் விழாது. இது தெரிந்தவர்கள் குறைவு.

எலக்ட்ரிக் ஆக்சுவேட்டரில் ஆபத்து இன்னும் கூடுதல். கனெக்டரில் பெரும்பாலும் மூன்று வயர் இருக்கும்: 12 வோல்ட், எர்த், சிக்னல். சிக்னல் பிடபிள்யூஎம்மாக இருந்தால் டியூட்டி சைக்கிள்தான் வால்வின் கோணத்தைச் சொல்கிறது. லின் பஸ்ஸாக இருந்தால் ஈசியூ கேட்கும், ஆக்சுவேட்டர் பதில் சொல்லும். லைனை வெட்டினால் தொடர்பு அறுந்த கோடு விழும். கனெக்டரை உருவிவிட்டால் வால்வு பெரும்பாலும் கடைசியாக நின்ற இடத்திலேயே நிற்கும். பிடபிள்யூஎம் லைனைப் பெரும்பாலும் ஈசியூ எர்த்துக்கு இழுத்து இழுத்து விடுகிறது. அதில் நேராக 12 வோல்ட்டைக் கொடுத்தால், இழுக்கும் நொடியில் முழுக் கரண்ட்டும் உள்ளே இருக்கும் டிரைவர் வழியாகப் பாயும். டிரைவர் போனால் போர்டு வேலை. போர்டு வேலை சரிவராவிட்டால் புது ஈசியூ, கோடிங், டவ் டிரக் என்று போகும். இரண்டாயிரம் ரூபாய்க் கூலிக்கு எடுத்த வேலை ஒரு கடையின் ஆறு மாத வருமானத்தை விழுங்கிவிடும்.

இனிச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52(1) பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் முதலில் குறித்ததற்கு முரணாகும்படி உரிமையாளர் வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 தீர்ப்பில், வண்டி மாற்றங்களுக்குக் கேரள உயர் நீதிமன்றம் தந்த சலுகையை உச்ச நீதிமன்றம் நீக்கியபோது அழுத்தம் கொடுத்தது இந்த உற்பத்தியாளர் விவரத்துக்குத்தான். ஸ்விட்ச் போட்டால் ஆர்சியில் எந்த வரி மாறுகிறது? எஞ்சின் எண், சேசிஸ் எண், சிசி, சிலிண்டர், சீட், நிறம், எரிபொருள் எதுவும் மாறவில்லை. 52(1) பிரிவின் சொற்களை மட்டும் வைத்துப் பார்த்தால் ஸ்விட்ச் அதில் சிக்காது என்பது என் வாசிப்பு. ஆனால் 182ஏ(4) அகலமானது. பாகங்களைப் பின்னர் பொருத்துவதையும் சேர்த்து, சட்டம் அனுமதிக்காத எந்த மாற்றத்துக்கும் உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது மாற்றம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். சத்தம் என்று வந்துவிட்டால் 190(2) பிரிவில் முதல் முறையே மூன்று மாதம் வரை சிறை, அல்லது பத்தாயிரம் வரை அபராதம், அல்லது இரண்டும், கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. 182ஏ பிரிவில் உற்பத்தியாளர், இறக்குமதியாளர், டீலர், உரிமையாளர் எல்லோரும் இருக்கிறார்கள், மெக்கானிக் இல்லை. அதனால் நமக்கு நிம்மதி என்று யாரும் நினைக்க வேண்டாம். குற்றத்துக்கு உடந்தை என்று சேர்க்க வழி எப்போதும் இருக்கிறது. சட்டம் பெயர் சொல்லாத தொழிலாளிக்கு அந்தச் சட்டத்தில் பாதுகாப்பும் இல்லை.

மூடும் ஸ்விட்சை எடுத்துக்கொள்ளுங்கள். கோல்டு ஸ்டார்ட்டில் வால்வு திறந்தே இருக்கும் வண்டிகள் பல. விடிகாலை ஐந்து மணிக்கு அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் எட்டு சிலிண்டரை ஸ்டார்ட் செய்கிறவர், பக்கத்து வீட்டுக் குழந்தை எழுந்துவிடாமல் இருக்க வால்வை மூடி வைக்க விரும்புகிறார். ஃபோர்டு மஸ்டாங்கில் கம்பெனியே இந்த வசதியைக் கொடுத்தது. மற்ற வண்டியில் நாம் செய்து கொடுத்தால், சத்தத்தைக் குறைத்ததற்கு 182ஏ(4) பாயுமா? பாயாது என்று எழுத்தில் எங்கும் இல்லை. ஐடிலிலும் குறைந்த லோடிலும் மட்டும் மூடி வைத்து, ஆர்பிஎம் ஏறியதும் கட்டுப்பாட்டை ஈசியூவிடமே திருப்பிக் கொடுக்கும் ஸ்விட்சை அனுமதிக்கப்பட்ட மாற்றங்களில் சேர்க்க வேண்டும் என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தை இந்த இதழ் கேட்கிறது. திருப்பிக் கொடுப்பது கட்டாயம். உயர் ஆர்பிஎம்மில் மூடியே இருந்தால் பேக் பிரஷர் ஏறி எஞ்சின் தன் பவரைத் தானே குறைத்துக்கொள்ளும்.

சத்தத்தை அளப்பதிலாவது ஒழுங்கு உண்டா என்றால், அதுவும் இல்லை. கார்களுக்கான 74 டெசிபல் வரம்பு, தயாரிப்பு நிலையில் ஓடவிட்டு அளப்பது. சாலையோரம் நிறுத்தி அதை அளக்க முடியாது. நிறுத்தி அளக்க ஐஎஸ் 10399 இருக்கிறது: டெயில் பைப்பிலிருந்து அரை மீட்டர் தள்ளி, 45 டிகிரி கோணத்தில் மைக். ஆனால் அந்த அளவை எதோடு ஒப்பிடுவது? ஜெர்மனியில் பதிவுச் சான்றிலேயே நின்ற நிலைச் சத்தம், அதை அளந்த ஆர்பிஎம், ஓடும் நிலைச் சத்தம் என்று யூ.1, யூ.2, யூ.3 கட்டங்கள் அச்சாகி இருக்கின்றன. நம் ஆர்சியில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. பியூசி நிலையத்தில் புகையைப் பார்க்கிறார்கள், சத்தத்தைப் பார்ப்பதில்லை. கடைசியில் காதால் கேட்டு முடிவு செய்கிறார்கள். புல்லட் சைலன்சர்களை நடுரோட்டில் வரிசையாக அடுக்கி ரோட் ரோலர் ஏற்றும் படங்கள் பத்திரிகைகளில் வருகின்றன. அந்தப் படங்களில் டெசிபல் மீட்டரை நான் தேடிப் பார்ப்பதுண்டு.

ஆனால் வாசகர்களின் கேள்விகளைப் படிக்கப் படிக்க என்னை உறுத்துவது ஸ்விட்ச் அல்ல. வண்டியின் ஆண்டையும் மாடலையும் எழுதி, ‘மூன்று வயரில் சிக்னல் வயர் எது?’ என்று கேட்கிறார்கள். பதினைந்து இருபது ஆண்டு அனுபவம் உள்ளவர்கள் கேட்கிறார்கள். அவர்களுக்கு வேலை தெரியாமல் இல்லை. வயரிங் டயகிராம் அவர்கள் கையில் இல்லை. இந்தப் பக்கத்தில் பல முறை எழுதிய விஷயம்தான். இன்னும் தீரவில்லை என்பதால் இன்னும் எழுதுகிறேன்.

வால்வு தொடர்பாக நம் கடைகளுக்கு வரும் வேலையில் பெரும்பகுதி ஸ்விட்ச் மாட்டுவது அல்ல, பழுது. ஸ்பிண்டில் துருவும் கரியும் ஏறி இறுகிவிடும். மோட்டார் திணறும், கோடு விழும். சில வண்டிகளில் வால்வும் சைலன்சரும் ஒரே பார்ட் நம்பர். ஆக்சுவேட்டரை மட்டும் மாற்றித் தர நம் ஆளால் முடியும். மாற்றும் முன் ஈசியூவிலிருந்து சிக்னல் வருகிறதா என்று பார்க்க வேண்டும். எந்தப் பின், எத்தனை ஹெர்ட்ஸ், எவ்வளவு டியூட்டி என்று தெரியாமல் எப்படிப் பார்ப்பது? டெஸ்ட் லேம்பை வைத்துத் தடவிப் பார்க்கிறார்கள். பல்ப் இழுக்கும் கரண்ட்டை அந்த லைன் தாங்காது. ‘ரோட்டோர எலக்ட்ரீஷியன் ஈசியூவை எரித்துவிட்டார்’ என்று கம்பெனி சர்வீஸ் சென்டர் வண்டிக்காரரிடம் சொல்லும் கதை இப்படித்தான் தொடங்குகிறது. ஒரு நிறுவனத்தின் சர்வீஸ் பிரிவுக்கு, பணம் கட்டுகிறோம், ஒரே ஒரு மாடலின் டயகிராம் தாருங்கள் என்று நானே எழுதினேன். டீலர் அல்லாதவர்களுக்குத் தருவதில்லை என்று ஒற்றை வரியில் பதில் வந்தது.

இது நியாயமல்ல என்று நாட்டின் அமைப்பு ஒன்று ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லிவிட்டது. 2014 ஆகஸ்ட் 25 அன்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் கம்பெனிகளுக்கு மொத்தம் ஏறத்தாழ 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. உதிரிபாகங்களையும் டயக்னாஸ்டிக் கருவிகளையும் வெளிக் கடைகளுக்குக் கிடைக்கவிடாமல் செய்தார்கள் என்பதே குற்றம். அவற்றை எளிதில் கிடைக்கச் செய்யுங்கள், தனிக் கடைகளுக்குத் தடை போடாதீர்கள், வெளியில் வேலை பார்த்தார் என்பதற்காக மட்டும் வாரண்டியை மொத்தமாக ரத்து செய்யாதீர்கள் என்று உத்தரவிட்டது. அதைப் படித்த நாளில் நம் தொழிலுக்கு விடிவு வந்துவிட்டது என்றே நம்பினோம். பிறகு மேல்முறையீடுகள், தீர்ப்பாயம், நீதிமன்றம் என்று ஆண்டுகள் ஓடின. காந்திபுரத்திலோ ஜி.பி. ரோட்டிலோ கடை வைத்திருப்பவர் கையில் அந்த உத்தரவின் பலனாக ஒரு டயகிராம் வந்திருந்தால் எனக்கு எழுதுங்கள், அதை முதல் பக்கத்தில் போடுகிறேன்.

2022 டிசம்பர் 24 அன்று நுகர்வோர் விவகாரத் துறை ‘பழுது பார்க்கும் உரிமை’ தளத்தைத் தொடங்கியது. நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. நல்ல தொடக்கம் என்று அப்போது எழுதினோம். நம் மேசைக்குத் தேவையான பின்-அவுட்டும் சிக்னல் அளவும் அதில் எங்களுக்குக் கிடைக்கவில்லை. கம்பெனி விரும்பினால் போடலாம், விரும்பாவிட்டால் விடலாம் என்றால் எந்தக் கம்பெனி போடும்? ஐரோப்பிய ஒன்றியம் 2007ஆம் ஆண்டின் 715ஆம் எண் விதியிலேயே, தனிக் கடைகளுக்குத் தந்தாக வேண்டிய தகவல்களில் வயரிங் டயகிராம் என்று பெயர் சொல்லி எழுதியது. அதே கம்பெனிகள் அங்கே கட்டணம் வாங்கிக்கொண்டு தருகின்றன. இங்கே ஏன் தர மறுக்கின்றன? கேட்க வேண்டிய அரசு கேட்கவில்லை. வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

ஐடிஐயில் மெக்கானிக் ஆட்டோ எலக்ட்ரிக்கல் அண்ட் எலக்ட்ரானிக்ஸ் என்று அரசே ஒரு பிரிவு நடத்துகிறது. பயிற்சி கொடுத்துச் சான்றிதழும் தருகிறது. அந்தப் பிள்ளைகள் கடை திறந்ததும் அவர்கள் முன் வந்து நிற்பது பிஎஸ் 6 வண்டி, இருட்டறையில் வைத்ததுபோல. தவறாக வயரைத் தொட்டால் தண்டிக்கச் சட்டம் தயாராக இருக்கிறது. சரியான வயரைக் காட்டச் சொல்ல ஒரு சட்டமும் இல்லை. மாற்றம் ஒன்றுக்கு 5,000 என்று கணக்குப் போட்டு எழுதத் தெரிந்தவர்களுக்கு, டயகிராம் மறுப்பு ஒன்றுக்கு இவ்வளவு என்று எழுத ஏன் கை வரவில்லை?

அமைச்சகத்திடம் நாம் கேட்பவை இவை. ஆர்சியில் நின்ற நிலைச் சத்த அளவையும் அதன் ஆர்பிஎம்மையும் சேர்க்க வேண்டும். வால்வை மூடும் ஸ்விட்சை 182ஏ பிரிவிலிருந்து விலக்க வேண்டும். டைப் அப்ரூவல் கேட்கும் ஒவ்வொரு கம்பெனியும் அந்த வண்டியின் வயரிங் டயகிராமைக் கட்டணத்துக்குத் தரும் உறுதியையும் சேர்த்தே தர வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் எழுத வேண்டும். மூன்றாவது நடந்துவிட்டால் முதல் இரண்டுக்கு நான் காத்திருப்பேன்.

அதுவரை நம் வேலையை நாமே செய்துகொள்வோம். அடுத்த இதழிலிருந்து, வாசகர்கள் தாங்களே அளந்த பின்-அவுட்டுகளை இரண்டு பக்கங்களில் வெளியிடுகிறோம். எக்ஸாஸ்ட் வால்வு ஆக்சுவேட்டரில் தொடங்கலாம். கம்பெனி மேனுவலின் நகல் வேண்டாம், உங்கள் அளவுதான் வேண்டும். மாடல், ஆண்டு, கனெக்டரில் வயர் நிறங்கள், இக்னிஷன் ஆன் செய்ததும் ஒவ்வொரு பின்னிலும் வரும் வோல்ட், சிக்னலின் ஹெர்ட்ஸ், டியூட்டி ஆகியவற்றை எழுதி அனுப்புங்கள். ஸ்கோப் இல்லாதவர்கள் டியூட்டி காட்டும் மல்டிமீட்டரில் அளந்தாலும் போதும். எந்த ஆர்பிஎம்மில் அளந்தீர்கள் என்பதையும் எஞ்சின் சூடாக இருந்ததா என்பதையும் குறிப்பிடுங்கள். இரண்டு பேர் தனித்தனியே அளந்து ஒத்துவந்ததை மட்டுமே அச்சில் ஏற்றுவோம்.