ஒருத்தன் ஹேக் பண்ண, மூணு பேர் காத்திருக்க

போன மாதம் ஷேடோரன் விளையாட உட்கார்ந்தோம். நான் டெக்கர், அதாவது கூட்டத்தின் ஹேக்கர். கேமராக்களை அணைக்க மேட்ரிக்ஸ் என்ற மெய்நிகர் உலகத்துக்குள் நுழைந்தேன். வெளியே வர முக்கால் மணி நேரம் ஆனது. நான் டைஸ் உருட்டிக்கொண்டே இருந்தேன். கேம் மாஸ்டர் விதிப்புத்தகத்தைப் புரட்டிக்கொண்டே இருந்தார். நிமிர்ந்து பார்த்தால், மற்ற மூன்று பேரும் போனில். தோழி ஒருத்தி கேட்டாள்: "முடிஞ்சுதா? இல்ல, டீ போட்டுட்டு வரவா?"

சுருக்கென்றது.

ஷேடோரன் 1989இல் வந்தது. டெக்கர் உள்ளே போனால் மற்றவர்கள் பீட்சா வாங்கப் போகலாம் என்பது அதன் ரசிகர்களிடையே பழைய ஜோக். ஜோக்குக்குச் சிரிப்பவர்களே, விதிகளைச் சுருக்கலாம் என்றதும் "ஆழம் போயிடும்" என்று சண்டைக்கு வருகிறார்கள். எதுங்க ஆழம்? உள்ளே நுழைய ஒரு உருட்டல், ஃபைலைத் தேட ஒன்று, அதன் பூட்டை உடைக்க ஒன்று. இதில் நான் யோசித்து எடுத்த முடிவு ஒன்றுகூட இல்லை. மேசை மேசையாக அலைந்து கையெழுத்து வாங்குவதற்குப் பெயர் ஆழமா?

அதற்காக, "எல்லாத்தையும் ஒரே உருட்டல்ல முடிச்சிடு" என்பவர்கள் பக்கமும் நான் இல்லை. துப்பாக்கிக்காரனுக்கு ஒவ்வொரு சுற்றிலும் தேர்வுகள் இருக்கும்போது, ஹேக்கர் மட்டும் வெறும் சாவிக்கொத்தா? குறைக்க வேண்டியது படிகளை, முடிவுகளை அல்ல.

2020இல் வந்த சைபர்பங்க் ரெட் என்ற விளையாட்டு இதைப் புரிந்துகொண்டது. அதில் ஹேக்கர் வீட்டில் உட்கார்ந்து வேலை பார்க்க முடியாது. இணைப்புப் புள்ளியிலிருந்து 6 மீட்டருக்குள் நிற்க வேண்டும். நெட்வொர்க், தளம் தளமாக இறங்கும் லிஃப்ட் மாதிரி. நண்பர்கள் சுடும் அதே சுற்றில் அவரும் இறங்குகிறார். குண்டு அவர் மேலும் படலாம்.

அதைப் பார்த்து எங்கள் ஷேடோரனுக்கும் ஒரு விதி வைத்தோம். சண்டையின் ஒரு சுற்றுக்கு எனக்கு ஒரே உருட்டல். எதைத் தொடுவது என்று முதலில் சொல்ல வேண்டும். ஜெயித்தால் அந்த அறையில் ஏதாவது மாறும். தோற்றால் அலாரம் ஒரு படி ஏறும். காவலர்கள் பாய்வது என் நண்பர்கள் மேல்.

போன வாரம், லிஃப்டை நிறுத்துவதா விளக்கை அணைப்பதா என்று திணறிக்கொண்டிருந்தேன். அதே தோழி கத்தினாள்: "டேய், லைட்டை ஆஃப் பண்ணுடா, சுடுறாங்க!"

அன்றைக்கு டீ பற்றி யாரும் பேசவில்லை.